டினியன் தீவின் நார்த் ஃபீல்டு குண்டுவீச்சு விமானதளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹிரோஷிமா மீதும் நாகசாகி மீதும் அணுகுண்டு போட்ட விமானங்கள் புறப்பட்ட இடம் நார்த் ஃபீல்டு. இந்தத் தளத்தைப் பற்றி எங்கே படித்தாலும் முதல் வரி இதுதான். தவறில்லை. ஆனால் போர்க்காலத்தில் இது இயங்கிய எட்டு மாதங்களில் அந்த இரண்டு புறப்பாடுகளும் மிகச் சிறிய பகுதி. மற்ற நாட்களில் இங்கே என்ன நடந்தது, தளம் வருவதற்கு முன் தீவில் யார் இருந்தார்கள், இப்போது ஏன் மறுபடியும் காடு வெட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

டினியன் எங்கே இருக்கிறது?

மேற்குப் பசிபிக்கில், மரியானா தீவுக்கூட்டத்தில். டோக்கியோவிலிருந்து தெற்கே சுமார் 2,400 கி.மீ. பரப்பளவு 100 சதுர கி.மீ சொச்சம். குறுகலான ஒரு கடலுக்கு அப்பால் வடக்கே சைபான் இருக்கிறது. தெற்கே இன்னும் தள்ளிப் போனால் குவாம். இன்று சைபானும் டினியனும் அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்ட வட மரியானா தீவுகளைச் சேர்ந்தவை. டினியனில் இப்போது வசிப்பவர்கள் சுமார் 2,000 பேர். 1945-இல் அங்கே பல்லாயிரக்கணக்கான அமெரிக்கப் படையினர் இருந்தார்கள்.

தீவு பெரும்பாலும் தட்டையான சுண்ணாம்பு மேடு. கரையோரம் முழுக்கச் செங்குத்தான பாறை. விமானதளம் கட்டுகிறவர்களுக்கு வரம், கடல் வழியாக இறங்கிப் பிடிக்க வருகிறவர்களுக்குத் தலைவலி.

அமெரிக்கர்கள் வருவதற்கு முன் தீவில் என்ன இருந்தது?

கரும்பு.

ஸ்பெயின் இந்தத் தீவுகளை ஆண்ட காலத்தில் டினியனின் பூர்வகுடிகளான சமோரோ மக்களைக் குவாமுக்கு வெளியேற்றிவிட்டது. நீண்ட காலம் தீவு ஏறக்குறைய காலியாகவே கிடந்தது. ஸ்பெயின் 1899-இல் இதை ஜெர்மனிக்கு விற்றது. 1914-இல், முதல் உலகப் போர் தொடங்கியதும், ஜப்பான் கைப்பற்றியது. பிறகு சர்வதேச சங்கத்தின் ஒப்புதலோடு ஜப்பானே ஆண்டது.

ஜப்பானிய சர்க்கரை நிறுவனம் ஒன்று தீவின் பெரும்பகுதியைக் கரும்புக்காடாக மாற்றியது. ஆலைகள், சிறு ரயில் பாதை, கடைத்தெரு, பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் வந்தன. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஓகினாவா தீவின் ஏழை விவசாயக் குடும்பத்தினர். கொரியர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். போருக்கு முன் 15,000 பேர் அளவில் குடியிருந்தார்கள் என்றால் அது சின்ன ஊர் இல்லை. தளத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 1944-இல் தொடங்கி இந்த மக்களை அப்படியே தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அப்படியானால் விமானதளத்தை முதலில் கட்டியது ஜப்பான்தானா?

ஆமாம். வடக்கு முனையில் உஷி என்ற பெயரில் ஒரு விமானதளத்தை ஜப்பானியக் கடற்படை கட்டியது. ஜப்பானிலிருந்து கொண்டுவந்த சிறைக்கைதிகளை வைத்து வேலை வாங்கினார்கள். ஓடுபாதையின் நீளம் ஒன்றரை கி.மீ-க்குச் சற்றுக் குறைவு. அந்தக் காலத்துச் சண்டை விமானங்களுக்கும் இரட்டை என்ஜின் விமானங்களுக்கும் அது போதும். கடற்படையின் நிலத்தள விமானப் பிரிவு ஒன்றின் தலைமையகமே டினியனில்தான் இருந்தது. அந்தக் காலத்து கான்கிரீட் கட்டடங்கள் சில, குண்டு துளைத்த சுவர்களோடு இன்றும் நிற்கின்றன. அமெரிக்கர்கள் கட்டியவை பெரும்பாலும் கூடாரமும் தகரக் கொட்டகையும் என்பதால் ஒன்றும் மிஞ்சவில்லை. நார்த் ஃபீல்டில் இன்று கண்ணுக்குத் தெரியும் கட்டடங்களில் பெரும்பாலானவை ஜப்பானியருடையவை.

இவ்வளவு தீவுகள் இருக்கும்போது ஏன் டினியன்?

எல்லாம் பி-29 என்ற நெடுந்தூரக் குண்டுவீச்சு விமானத்தின் கணக்கு. அது குண்டுகளைச் சுமந்துகொண்டு ஜப்பானுக்குப் போய், நடுவில் எங்கும் இறங்காமல் திரும்பி வர வேண்டும். அந்தத் தூரத்துக்குள் இருந்த, தட்டையான, கப்பல் வழியாகப் பெட்ரோல் கொண்டுவரக்கூடிய இடங்கள் மரியானா தீவுகள் மட்டுமே.

அதற்கு முன் சீனாவிலிருந்து முயன்று பார்த்தார்கள். பி-29 விமானங்கள் வங்காளத்தில் கரக்பூரைச் சுற்றியிருந்த தளங்களில் நிற்கும். செங்டு பக்கம் போய் இறங்கி, அங்கிருந்து ஜப்பானைத் தாக்கும். சிக்கல் என்னவென்றால், சீனாவில் அந்த விமானங்களுக்கு ஊற்ற வேண்டிய பெட்ரோலையும் இமயமலைக்கு மேலே விமானத்தில்தான் கொண்டுபோக வேண்டும். ஒரு தாக்குதலுக்கான பெட்ரோலைச் சேர்க்கவே பல நடை பறக்க வேண்டியிருந்தது. மரியானா கையில் கிடைத்ததும் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள்.

தீவைப் பிடிக்க எவ்வளவு நாள் ஆனது?

ஒன்பது நாள். 1944 ஜூலை 24 முதல் ஆகஸ்ட் 1 வரை.

தெற்கே டினியன் ஊரை ஒட்டி இருந்த அகலமான கடற்கரையில்தான் இறங்குவார்கள் என்று ஜப்பானியர் காத்திருந்தார்கள். அமெரிக்கக் கடற்படையும் அங்கே இறங்குவது போல நடித்தது. அந்த நடிப்புக்கும் விலை இருந்தது: கொலராடோ என்ற போர்க்கப்பலைக் கரைப் பீரங்கிகள் 22 முறை தாக்கி 43 பேரைக் கொன்றன. உண்மையான இறக்கம் வடமேற்கில், இரண்டு குட்டிக் கடற்கரைகளில் நடந்தது. ஒன்றின் அகலம் சுமார் 55 மீட்டர், மற்றது 150 மீட்டர்கூட இல்லை. அவ்வளவு சிறிய சந்துக்குள் இரண்டு டிவிஷன் மரைன் படையை நுழைத்தது இன்றும் ராணுவப் பாடம். சில நாட்களிலேயே உஷி ஓடுபாதை அமெரிக்கர் கைக்குப் போனது.

தீவில் இருந்த ஜப்பானியப் படை எட்டாயிரத்துக்கும் மேல். உயிரோடு பிடிபட்டவர்கள் மிகச் சிலர். பசிபிக் போரில் நேபாம் எரிகுண்டைப் பயன்படுத்திய தொடக்ககாலச் சண்டைகளில் இதுவும் ஒன்று; கரும்புக்காட்டையும் பதுங்குகுழிகளையும் எரிக்கப் பயன்பட்டது. அடுத்த ஆண்டு அதே பொருள் இதே தீவிலிருந்து விமானம் ஏறி ஜப்பானின் நகரங்களுக்குப் போனது.

தளத்தைக் கட்டியது யார்? எவ்வளவு பெரியது?

அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் படை. எல்லோரும் சீபீஸ் என்பார்கள். ராணுவப் பயிற்சியைவிடத் தொழில் அனுபவம் அதிகம் உள்ளவர்கள்: சாலை போட்டவர்கள், குவாரியில் வேலை பார்த்தவர்கள், புல்டோசர் ஓட்டியவர்கள், வெல்டர்கள், மின்வேலைக்காரர்கள். டினியனில் சுமார் 15,000 பேர் வேலை செய்தார்கள்.

நார்த் ஃபீல்டில் நான்கு ஓடுபாதைகள், ஒன்றுக்கொன்று இணையாக, கிழக்கு மேற்காக. ஒவ்வொன்றும் 8,500 அடி, அதாவது ஏறக்குறைய 2,600 மீட்டர். தார் போட்ட அகலம் 200 அடி. தீவின் நடுப்பகுதியில் வெஸ்ட் ஃபீல்டு என்ற இன்னொரு தளமும் கட்டினார்கள். அதில் அதே நீளத்தில் இரண்டு. ஓடுபாதைகளோடு நிறுத்தவில்லை. இருநூற்றுக்கும் மேற்பட்ட நிறுத்துமிடங்கள், அவற்றை இணைக்கும் பாதைகள், வெடிகுண்டுக் கிடங்குகள், துறைமுகத்திலிருந்து வரும் பெட்ரோல் குழாய்கள், சாலைகள் என்று தீவையே மாற்றிப் போட்டார்கள். நார்த் ஃபீல்டு அப்போது உலகிலேயே மிகப் பெரிய விமானதளம்.

தட்டையான தீவு என்று மேலே சொன்னேன். தூரத்திலிருந்து பார்த்தால்தான் தட்டை. அறுபது டன் விமானம் ஓட வேண்டிய பாதைக்கு அது போதாது. மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். சில இடங்களில் பல மீட்டர் உயரத்துக்கு நிரப்பினார்கள். இரண்டு தளங்களுக்குமாக நகர்த்திய மண்ணும் பவளக்கல்லும் 80 லட்சம் கன மீட்டருக்கு மேல்.

பவளக்கல் இல்லாமல் இந்த வேலை நடந்திருக்காது. இந்தத் தீவுகளின் அடியில் இருப்பதே பழைய பவளப்பாறைதான். வெடிவைத்துப் பெயர்த்து, நொறுக்கி, பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலரால் அமுக்கினால் ஓரளவு கான்கிரீட் போலவே இறுகிவிடும். ஜல்லிக்காகக் கப்பல் வரக் காத்திருக்க வேண்டியதில்லை. மேலே தார் மட்டும் போட்டால் போதும். ஆனால் அந்தக் கல் சில வகைகளில் மிகக் கடினம். இயந்திரப் பற்களும் துளையிடும் முனைகளும் வேகமாகத் தேய்ந்துபோயின. இரவும் பகலும் முறை வைத்து வேலை நடந்தது. முதல் ஓடுபாதை 1944 டிசம்பர் இறுதிக்குள் தயார். நான்காவது 1945 மே மாதத் தொடக்கத்தில் முடிந்தது. அதற்குள் முதலாவதிலிருந்து மாதக்கணக்கில் தாக்குதல்கள் நடந்துகொண்டிருந்தன.

தெருக்களுக்கு நியூயார்க் நகரத் தெருப் பெயர்கள் வைத்தார்களாமே?

உண்மைதான். தீவின் வடிவம் மன்ஹாட்டன் போல இருப்பதாக யாருக்கோ தோன்றியது. பிராட்வே, எட்டாவது அவென்யூ, 42-ஆவது தெரு என்று பெயர்ப்பலகை வைத்துவிட்டார்கள். இன்றும் தீவின் நெடுக்கே ஓடும் பெரிய சாலைக்கு பிராட்வே என்றுதான் பெயர். மன்ஹாட்டன் திட்டம் என்ற அணுகுண்டுத் திட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெயர் வைத்தபோது அந்தத் திட்டம் பற்றி அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

எந்தப் படைப்பிரிவுகள் இங்கே இருந்தன? இந்தியாவிலிருந்தும் விமானங்கள் வந்தனவாமே?

நார்த் ஃபீல்டில் இருந்தது 313-ஆவது குண்டுவீச்சு விங். அதில் 6, 9, 504, 505 என்ற எண்களைக் கொண்ட நான்கு குழுமங்கள். பிறகு 1945 கோடையில் 509-ஆவது குழுமம் தனியாக வந்து சேர்ந்தது. அணுகுண்டு வேலை அவர்களுடையது.

இந்தியாவிலிருந்து வந்தது 58-ஆவது விங். கரக்பூர், சாக்குலியா, பியார்டோபா, துத்குண்டி ஆகிய வங்காளப் பக்கத்துத் தளங்களிலிருந்து கிளம்பி, 1945 வசந்த காலத்தில் டினியனின் வெஸ்ட் ஃபீல்டுக்குக் குடிமாறினார்கள்.

இதே 58-ஆவது விங்குக்குத் திருகோணமலையோடும் ஒரு தொடர்பு உண்டு. 1944 ஆகஸ்ட் 10 அன்று அதன் ஐம்பதுக்கும் மேற்பட்ட பி-29 விமானங்கள் திருகோணமலை சீனக்குடா தளத்திலிருந்து புறப்பட்டு, சுமத்ராவில் பலெம்பாங் எண்ணெய் ஆலையைத் தாக்கின. போக வர 6,000 கி.மீ-க்கு மேல், கடலின் மேல் இரவு முழுக்கப் பறக்க வேண்டும். ஆலைக்குப் பெரிய சேதம் ஒன்றும் ஆகவில்லை. அன்று சில விமானங்கள் மூசி ஆற்றில் கண்ணிவெடிகளையும் போட்டன. டினியனிலிருந்து பிற்பாடு பெரிய அளவில் நடந்த ஒரு வேலைக்கு அது ஒரு சிறு முன்னோட்டம் என்று சொல்லலாம்.

இங்கிருந்து அணுகுண்டு விமானங்கள் மட்டும்தான் போனதா?

இல்லை. அடிக்கடி விழும் கேள்வி என்பதால் இதற்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

1944 கடைசியில் மரியானாவிலிருந்து முதல் தாக்குதல்கள் தொடங்கியபோது திட்டம் வேறு: பகலில், ஒன்பது கி.மீ உயரத்தில் பறந்து, குறிப்பிட்ட தொழிற்சாலைகளை மட்டும் அடிப்பது. நடக்கவில்லை. ஜப்பானுக்கு மேலே அந்த உயரத்தில் வீசும் கடுங்காற்று குண்டுகளை எங்கெங்கோ கொண்டுபோனது. பல நாள் மேகம் மறைத்தது. 1945 ஜனவரியில் இந்த விமானப்படைக்குத் தளபதியாக வந்த கர்டிஸ் லமே முறையை மாற்றினார். இரவில், ஒன்றரையிலிருந்து இரண்டரை கி.மீ உயரத்தில், எரிகுண்டுகளோடு போகச் சொன்னார். எடையைக் குறைக்க விமானத் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 9 இரவு குவாம், சைபான், டினியன் ஆகிய மூன்று தீவுகளிலிருந்தும் முந்நூறுக்கும் மேற்பட்ட பி-29கள் டோக்கியோவுக்குப் புறப்பட்டன. மரவீடுகள் நெருங்கிய தொழிலாளர் குடியிருப்புகள்தான் குறி. 41 சதுர கி.மீ சாம்பலானது. இறந்தவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். பத்து லட்சம் பேர் வீடிழந்தார்கள். அந்த ஒரே இரவின் சாவு எண்ணிக்கை நாகசாகியை மிஞ்சியது. அப்புறம் நகோயா, ஒசாகா, கோபே. பிறகு வரிசையாகச் சிறிய ஊர்கள். ஆகஸ்டுக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட நகரங்கள் எரிந்திருந்தன. நார்த் ஃபீல்டை அணுகுண்டுத் தளம் என்று மட்டும் அழைத்தால் இவ்வளவும் கணக்கில் வராமல் போய்விடும்.

இன்னொன்று, சத்தமில்லாமல் நடந்தது. 1945 மார்ச் 27 முதல் 313-ஆவது விங் ஜப்பானின் துறைமுகங்களிலும் நீரிணைகளிலும் கண்ணிவெடி போடத் தொடங்கியது. முக்கியக் குறி, ஹொன்ஷூவுக்கும் கியூஷூவுக்கும் இடையிலுள்ள ஷிமோனோசெகி நீரிணை. கடலின் அடியில் கிடந்து, கப்பலின் காந்தத்தாலோ சத்தத்தாலோ நீரழுத்த மாற்றத்தாலோ வெடிக்கும் வகை அவை. போர் முடிவதற்குள் சுமார் 12,000 கண்ணிவெடிகள் போட்டார்கள். 670 கப்பல்கள் மூழ்கின அல்லது சேதமடைந்தன. ஜப்பான் அரிசியும் நிலக்கரியும் எண்ணெயும் கடல் வழியே கொண்டுவரும் நாடு என்பதால் இது அடிமடியில் கைவைத்த மாதிரி. இந்த நடவடிக்கைக்கு அமெரிக்கர் வைத்த பெயரே பட்டினி. இழந்த விமானங்களையும் விளைவையும் ஒப்பிட்டால், இந்தத் தளம் செய்த வேலைகளில் ராணுவ ரீதியாக மிகவும் பலன் தந்தது இதுதான் என்பது என் கருத்து. ஆனால் கண்ணிவெடிக்கு நினைவுக்கல் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

எதிரி சுடாமலே நிறைய விமானங்கள் நொறுங்கினவாமே, ஏன்?

என்ஜின். பி-29-இன் ரைட் ஆர்-3350 என்ஜினை அவசரத்தில் உற்பத்திக்குக் கொண்டுவந்தார்கள். சீக்கிரம் சூடேறும்; தீப்பிடித்தால் அதிலுள்ள மக்னீசியம் பாகங்கள் எரியத் தொடங்கும், பிறகு அணைப்பது மிகக் கடினம். வெப்பமண்டலக் காற்று, முழுக் கொள்ளளவு பெட்ரோல், குண்டுச்சுமை, 2,600 மீட்டர் பாதை. எல்லாம் விளிம்பில்தான் நடந்தது. ஓடுபாதையின் முனையில் தரை முடிந்து கடல் தொடங்கும். மேலே எழும்பியதும் ஏறாமல், கடலை ஒட்டித் தாழ்வாகவே பறந்து வேகம் கூட்டி, என்ஜினைக் கொஞ்சம் ஆறவிடுவது விமானிகளின் வழக்கம்.

போய்வர 13 முதல் 15 மணி நேரம். வழியில் பழுதானால் இறங்க முதலில் கடலைத் தவிர இடமே இல்லை. 1945 மார்ச்சுக்குப் பிறகு பாதி வழியில் உள்ள இவோஜிமா தீவு கிடைத்தது.

அணுகுண்டுகள் தீவுக்கு எப்படி வந்தன?

பகுதி பகுதியாக. ஹிரோஷிமா குண்டின் யுரேனியத்தில் ஒரு பங்கை இண்டியனாபொலிஸ் என்ற போர்க்கப்பல் ஜூலை 26 அன்று கொண்டுவந்து இறக்கியது. மீதி யுரேனியமும், நாகசாகி குண்டின் புளூட்டோனியமும் விமானத்தில் வந்தன. இண்டியனாபொலிஸ் அங்கிருந்து குவாம் போய், அடுத்துப் பிலிப்பைன்ஸ் நோக்கிப் போகும் வழியில் ஜூலை 30 அன்று ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-58 அதை மூழ்கடித்தது. கப்பலில் இருந்தவர்கள் கிட்டத்தட்ட 1,200 பேர். பிழைத்தவர்கள் 300 சொச்சம். பலர் நாட்கணக்கில் கடலில் தத்தளித்துச் செத்தார்கள்.

குண்டுக் குழிகள் எதற்கு?

சாதாரணக் குண்டுகளைத் தள்ளுவண்டியில் வைத்து விமான வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டுபோய்ப் பொருத்திவிடலாம். இந்த இரண்டும் அப்படி நுழையாது. ஹிரோஷிமா குண்டு மூன்று மீட்டர் நீளம், 4.4 டன். நாகசாகி குண்டு ஒன்றரை மீட்டர் குறுக்களவுள்ள உருண்டை, 4.7 டன். அதனால் தரையில் குழி தோண்டி, அடியில் ஹைட்ராலிக் லிஃப்ட் வைத்தார்கள். குண்டைக் குழிக்குள் இறக்கிவிட்டு, விமானத்தைப் பின்னோக்கி இழுத்து அதன் மேல் நிறுத்தி, பிறகு குண்டைத் தூக்கி வயிற்றில் பொருத்தினார்கள். இப்படி இரண்டு குழிகள்.

ஆகஸ்ட் 6 அதிகாலையில் என்ன நடந்தது?

எனோலா கே விமானம் டினியன் நேரப்படி 2:45-க்குப் புறப்பட்டது. ஓட்டியவர் 509-ஆவது குழுமத்தின் தலைவர் பால் டிபெட்ஸ். விமானத்துக்குத் தன் அம்மாவின் பெயரை வைத்திருந்தார். கிளம்பும் முன் ஒளிவிளக்குகள், கேமராக்கள் என்று சினிமா படப்பிடிப்பு போல இருந்ததாகப் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். ரகசியத் திட்டத்தில் இது கொஞ்சம் வேடிக்கைதான்.

குண்டுக்குப் பொறுப்பாளரான கடற்படை அதிகாரி வில்லியம் பார்சன்ஸுக்கு வேறு கவலை. ஓடுபாதை முனையில் பி-29கள் நொறுங்கி எரிவதை அவர் கண்ணாலேயே பார்த்திருந்தார். எனோலா கேயும் அப்படி விழுந்தால் தீவின் வடபாதியே போய்விடும். ஆகவே வெடிமருந்துப் பொட்டலங்களை வைக்காமல் கிளம்பி, பறக்கும்போது குண்டறைக்குள் தானே இறங்கி வைப்பது என்று முடிவெடுத்தார். முந்தின நாள் அதைப் பழகியும் பார்த்தார். அப்படியே செய்தார்.

ஹிரோஷிமா மேல் குண்டு விழுந்தது ஜப்பான் நேரம் காலை 8:15. அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 1,40,000 பேர். விமானம் பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன் டினியனில் இறங்கியது. கீழே இறங்கிய டிபெட்ஸின் சட்டையில் ஜெனரல் ஸ்பாட்ஸ் பதக்கம் குத்தினார்.

நாகசாகி விமானமும் நேராக இங்கேதான் திரும்பியதா?

இல்லை. பாக்ஸ்கார் என்ற அந்த விமானத்தின் பயணம் தொடக்கத்திலிருந்தே கோணல். ஆகஸ்ட் 9 அதிகாலை புறப்படும் முன்பே, கையிருப்புத் தொட்டி ஒன்றிலிருந்து பெட்ரோலை எடுக்கும் பம்பு வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. 2,000 லிட்டருக்கு மேல் பெட்ரோலைப் பயனில்லாமல் சுமந்துகொண்டு போனார்கள். இந்த முறை குண்டைப் பறக்கும்போது கோர்க்கவும் வழியில்லை. முழுதாகக் கோர்த்த நிலையிலேயே ஓடுபாதையில் ஓட வேண்டியிருந்தது. கூட வர வேண்டிய ஒரு விமானத்துக்காக வானத்தில் சுற்றிச் சுற்றி நேரம் போனது. முதல் குறியான கொகுரா நகரம் மேகத்திலும் புகையிலும் மறைந்திருந்தது. மூன்று முறை முயன்றுவிட்டு நாகசாகிக்குத் திரும்பினார்கள். 11:02-க்குக் குண்டு வெடித்தது. டினியன் வரப் பெட்ரோல் போதாது என்பதால் ஓகினாவாவில் தட்டுத் தடுமாறி இறங்கி, நிரப்பிக்கொண்டு, இரவில்தான் தீவுக்கு வந்து சேர்ந்தார்கள். விமானி சார்லஸ் ஸ்வீனி.

மூன்றாவது அணுகுண்டு டினியனில் தயாராக இருந்ததா?

குண்டின் மற்ற பாகங்கள் இருந்தன, புளூட்டோனியம் வரவில்லை. அதை அனுப்பும் முன் ஜப்பான் சரணடைந்துவிட்டது. அணுகுண்டை உருவாக்கிய லாஸ் அலமோஸ் ஆய்வகத்திலேயே தங்கிவிட்ட அந்தப் புளூட்டோனிய உருண்டை, பின்னால் ஆய்வக விபத்துகளில் ஹாரி டாக்லியன், லூயி ஸ்லாட்டின் என்ற இரண்டு விஞ்ஞானிகளின் உயிரை எடுத்தது.

தீவில் இருந்த பொதுமக்கள் என்ன ஆனார்கள்?

பலர் சண்டையில் மாட்டி இறந்தார்கள். தெற்குப் பாறை விளிம்புகளில் தற்கொலை செய்துகொண்டவர்களும், படையினர் கட்டாயத்தில் உயிர்விட்டவர்களும் உண்டு. மிஞ்சிய பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சூரோ என்ற இடத்தில் முள்வேலி முகாமில் வைத்தார்கள். முகாமில் காய்கறி பயிரிட்டார்கள், பள்ளிக்கூடம் நடந்தது. அவர்களின் நிலங்களில் கட்டிய ஓடுபாதையிலிருந்து, அவர்களின் உறவினர் இருந்த நாட்டுக்கு, தினமும் தலைக்கு மேலே விமானங்கள் போய்க்கொண்டிருந்தன. 1946-இல் ஜப்பானியரையும் ஓகினாவா மக்களையும் கொரியர்களையும் அவரவர் ஊருக்கு அனுப்பிவைத்தார்கள்.

முகாமுக்கு வராமல் காட்டிலேயே ஒளிந்திருந்த படையினரும் உண்டு. கடைசி ஆள் பிடிபட்டது 1953-இல்.

போருக்குப் பிறகு தளம் என்ன ஆனது?

இரண்டு ஆண்டுகளுக்குள் கைவிட்டுவிட்டார்கள். 1948-இல் யாப் தீவிலிருந்து சமோரோ குடும்பங்கள் வந்து குடியேறின. இன்றைய டினியன் மக்களில் பலர் அவர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் ஊர் தெற்கே சான் ஹோசே. வடக்கே யாரும் போகவில்லை. 1947 முதல் ஐ.நா. சார்பில் அமெரிக்கா நிர்வகித்தது. 1975-இல் அமெரிக்காவோடு சேர்வது பற்றி வாக்கெடுப்பு நடத்தி, மறு ஆண்டு அதற்கான ஒப்பந்தமானது. அதன் தொடர்ச்சியாக 1983-இல் தீவின் வடக்கே மூன்றில் இரண்டு பங்கை அமெரிக்க ராணுவம் 50 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது.

ஓடுபாதைகளை விழுங்கியது ஒரு மரம். அங்கே டங்கன்டங்கன் என்பார்கள். நம் ஊரில் ஆட்டுத் தீவனத்துக்கு வளர்க்கும் சவுண்டல், அதாவது சூபாபுல்தான் அது. போரில் மொட்டையான மரியானா தீவுகளில் மண் அரிக்காமல் இருக்க விதைத்தார்கள். சவுண்டலை வளர்த்தவர்களுக்குத் தெரியும், ஒருமுறை விட்டால் அது கேட்டு வளராது. தார் வெடித்த இடமெல்லாம் அது.

இப்போது போய்ப் பார்க்கலாமா? கதிர்வீச்சு ஆபத்து உண்டா?

போகலாம். சைபானிலிருந்து சிறிய விமானத்தில் கால் மணி நேரம்கூட ஆகாது. இறங்குவது பழைய வெஸ்ட் ஃபீல்டில்தான். இப்போது அதுதான் டினியன் விமான நிலையம். வாடகைக் கார் எடுத்து பிராட்வே வழியாக வடக்கே போனால் நார்த் ஃபீல்டு. பொதுப் போக்குவரத்தை நம்ப வேண்டாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்க விசா தேவை. ராணுவப் பயிற்சி நடக்கும் நாட்களில் வடபகுதியை மூடிவிடுவார்கள், அதனால் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

குண்டுக் குழிகள் இரண்டையும் இடையில் மண் போட்டு மூடி, மேலே மரம் நட்டிருந்தார்கள். 2004-இல், அறுபதாம் ஆண்டு நிகழ்ச்சிகளையொட்டி, மறுபடி தோண்டிக் கண்ணாடிக் கூரை போட்டார்கள். பக்கத்தில் விளக்கப் பலகை. முதல் ஓடுபாதையில் காரை ஓட்டிக்கொண்டு போகலாம். வருகிறவர்கள் எல்லோரும் அதைச் செய்கிறார்கள். குழிகளோடு திரும்பிவிடாமல் ஜப்பானியக் கட்டடங்களையும் இறங்கு கடற்கரைகளையும் பாருங்கள். அந்தக் கடற்கரைகளின் அகலத்தை நேரில் பார்க்கும்போதுதான் அந்தத் திட்டத்தின் துணிச்சல் புரியும். 1985 முதல் இந்தப் பகுதி முழுவதும் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னம்.

கதிர்வீச்சைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. குண்டுகள் இங்கே வெடிக்கவில்லை. உண்மையான ஆபத்து, காட்டுக்குள் இன்னும் கிடக்கும் பழைய வெடிபொருள்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள், துருப்பிடித்த எதையும் தொடாதீர்கள்.

எனோலா கே, பாக்ஸ்கார் இரண்டும் இப்போது எங்கே?

முன்னது வாஷிங்டன் அருகே வர்ஜீனியாவில், ஸ்மித்சோனியன் விமான அருங்காட்சியகத்தின் உத்வார்-ஹாஸி மையத்தில். பின்னது ஓஹையோ மாநிலம் டேட்டனில், அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்தில்.

நார்த் ஃபீல்டை மறுபடியும் திறக்கப் போகிறார்களா?

வேலை நடக்கிறது. சீனாவுடன் போர் வந்தால் குவாமில் உள்ள பெரிய தளத்தை ஏவுகணைகள் முதலில் குறிவைக்கும் என்பது அமெரிக்க விமானப்படையின் கணக்கு. அதனால் விமானங்களை ஒரே இடத்தில் குவிக்காமல் பல சிறு தளங்களுக்குப் பிரித்து வைக்க நினைக்கிறார்கள். 2022-இல் டினியன் விமான நிலையத்தில் மாற்றுத் தளம் கட்டத் தொடங்கினார்கள். 2023 டிசம்பரில், அப்போது பசிபிக் விமானப்படைத் தளபதியாக இருந்த கென்னத் வில்ஸ்பாக், நார்த் ஃபீல்டையும் விரிவாகப் புதுப்பிக்கப் போவதாகச் சொன்னார். 2024 ஏப்ரலில் ஃபுளோர் என்ற கட்டுமான நிறுவனத்துக்கு 40.9 கோடி டாலர் மதிப்பில் ஐந்தாண்டு ஒப்பந்தம் கிடைத்தது. சவுண்டல் காட்டை வெட்டி, பழைய தாரை வெளியே எடுக்கும் வேலை தொடங்கிவிட்டது.

தீவுக்காரர்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. இருந்த பெரிய சூதாட்ட விடுதி மூடிவிட்டது, 2018-இல் யூட்டு புயல் வேறு புரட்டிப் போட்டது. வேலை வரும் என்று வரவேற்பவர்கள் உண்டு. குடிநீர், மேய்ச்சல் நிலம், சண்டை வந்தால் முதல் அடி தங்கள் மேல் விழுமோ என்ற அச்சம் என்று எதிர்ப்பவர்களும் உண்டு. குத்தகைக் காலம் 2033-இல் முடிகிறது. ஒப்பந்தப்படி அமெரிக்கா விரும்பினால் இன்னொரு 50 ஆண்டு நீட்டித்துக்கொள்ளலாம்.